சிற்றோடை டிரவுட்: பிடிக்கும் முறையும் இடத்தைச் சொல்லாத வழக்கமும்

டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிப்பது என்றதும் பலர் மனத்தில் வருவது, அகன்ற ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று தலைக்கு மேல் தூண்டில் நரம்பைச் சுழற்றி வீசும் ஓர் ஆள். சிற்றோடையில் அப்படி ஒரு முறை வீசினாலே நரம்பு கிளையில் மாட்டிக்கொள்ளும், மீனும் ஓடி ஒளிந்துவிடும். இங்கே ஓடையின் அகலம் இரண்டு மூன்று மீட்டர், ஆழம் முழங்கால் அளவு. இரு கரைச் செடிகளும் கவிந்து மேலே கூரை போட்டிருக்கும். ஒரு சாண் நீள மீன் கிடைத்தால் அது அந்த ஓடையின் பெரிய மீன்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சியன் மலைகளை. குறிப்பாக, வட கரோலினாவும் டென்னசியும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவையும் அதைச் சுற்றிய காடுகளையும். அட்லாண்டாவிலோ சார்லட்டிலோ இருக்கும் தமிழர்கள் ஒரு வார இறுதியில் போய்வந்துவிடலாம். பிடிக்கும் முறையையும் இடத்தை மறைக்கும் வழக்கத்தையும் சேர்த்தே விளக்குகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: சிற்றோடையில் எல்லாமே கொஞ்சம். மீன் கொஞ்சம், நீர் கொஞ்சம், கரையில் கால்வைக்கும் இடமும் கொஞ்சம்.

எந்த மீன், ஏன் அவ்வளவு மேலே?

இந்த மலைகளில் மூன்று வகை டிரவுட் உண்டு. அவற்றில் மண்ணின் மீன் புரூக் டிரவுட் மட்டும்தான். உள்ளூரார் அதை ஸ்பெக் என்பார்கள். உயிரியல் கணக்கில் அது சார் (char) என்ற மீன் கிளையைச் சேர்ந்தது, டிரவுட் என்பது வழக்கில் ஒட்டிக்கொண்ட பெயர். ரெயின்போ டிரவுட் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டது. பிரவுன் டிரவுட் 1880-களில் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாகக் கப்பலேறி வந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் இந்தச் சரிவுகளை மொட்டையடித்தன. நிழல் போனதும் நீர் சூடேறியது. கரைந்து வந்த மண், மீன் முட்டையிடும் கூழாங்கல் இடுக்குகளை அடைத்தது. மீன் அற்றுப்போன ஓடைகளில் ரெயின்போவைக் கொண்டுவந்து விட்டார்கள். புரூக் டிரவுட் மேலே மேலே ஒதுங்கியது. இன்று பெரும்பாலும் 900 மீட்டர் உயரத்துக்கு மேலுள்ள தலையோடைகளில்தான் அதைப் பார்க்கலாம். பூங்காவுக்குள் முன்பு வாழ்ந்த ஓடைகளில் சுமார் முக்கால் பங்கை அது இழந்திருக்கிறது.

ஊட்டிப் பக்கத்து ஆட்களுக்கு டிரவுட் புதிதல்ல. ஆங்கிலேயர் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டதும், 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்ததும் தெரிந்த செய்தி. அங்கே டிரவுட் வந்தேறி. அப்பலாச்சியனிலோ ஓடையின் சொந்த மீனும் டிரவுட், அதை விரட்டிய வந்தேறியும் டிரவுட். ஆகவே கையில் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். புரூக் டிரவுட்டின் முதுகில் புழு ஊர்ந்த தடம்போல் வெளிர் கோடுகள் நெளியும். பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். வயிற்றுப் பக்கத் துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பு தீட்டியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அந்த வெள்ளைக் கோட்டை நீருக்குள் இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

இதற்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் ஒத்துவரும். 20-ஐத் தாண்டினால் மூச்சுக்குத் தவிக்கும், ஏனென்றால் நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. இந்த உயரத்து ஓடைகளில் தாதுச்சத்தும் குறைவு, பூச்சியும் குறைவு. மீன் மெதுவாகத்தான் வளரும், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதும் அரிது. எப்போதும் பசியோடு இருப்பதால் அதை ஏமாற்றுவது எளிது. அதன் கண்ணில் படாமல் நெருங்குவதுதான் கடினம். புதியவர்கள் இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, டப்பா டப்பாவாக ஃபிளை எனும் செயற்கைப் பூச்சி இரையை வாங்கிவிட்டு நிமிர்ந்து நடந்துபோய் மடுவைக் கலக்கிவிடுகிறார்கள்.

மீன் உங்களை எப்படிப் பார்க்கிறது?

ஓடும் நீரில் டிரவுட் நீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும், இரை மேலிருந்துதானே மிதந்து வருகிறது. ஆகவே நீங்கள் ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஏறிப் போக வேண்டும். மீனின் முதுகுப்பக்கமாக வருகிறீர்கள், நீங்கள் கலக்கும் மண்ணும் உங்களுக்குப் பின்னால் போய்விடும்.

அடுத்தது ஒளி. நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டத்தின் வழியாக மட்டுமே தெரிகிறது. ஒளி நீரில் நுழையும்போது வளைவதால், மீனின் கண்ணிலிருந்து 97 டிகிரி விரியும் ஒரு கூம்புக்குள் முழு வானமும் சுருங்கி அடங்கிவிடுகிறது. வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஓடையின் அடித்தளத்தையே திருப்பிக் காட்டும். வட்டத்தின் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப்போல் இரண்டேகால் மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 68 சென்டிமீட்டர் அகலச் சாளரம்.

தரையோடு ஒட்டியிருப்பவை எல்லாம் அந்தச் சாளரத்தின் விளிம்பில் நசுங்கித் தெரியும். நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி கோணத்துக்குக் கீழே இருப்பது மீனுக்குத் தெளிவாகப் படாது. கணக்குப் போட்டால், 5 மீட்டர் தூரத்தில் 10 டிகிரி என்பது சுமார் 90 சென்டிமீட்டர் உயரம், அதாவது குந்தி உட்கார்ந்த ஆளின் உயரம். 3 மீட்டரில் அது 50 சென்டிமீட்டர் சொச்சம். மண்டியிட்டு முதுகையும் வளைத்தால்தான் அந்த உயரத்தை நெருங்க முடியும். நின்றபடி வருபவர் 8 மீட்டருக்கு அப்பாலேயே தெரிந்துவிடுவார். கால்சட்டையின் முழங்கால் தேயாமல் சிற்றோடையில் மீன் பிடித்தவர் யாரும் இல்லை.

சத்தத்தைப் பொறுத்தவரை, பேச்சு பெரிய குற்றமில்லை. காற்றில் எழும் ஓசை நீருக்குள் அதிகம் இறங்காது. காலடியில் உருளும் கல்தான் ஆபத்து. மீனின் உடலில் பக்கவாட்டாக ஓடும் உணர்கோடு அந்த அதிர்வை உடனே பிடித்துவிடும். நிழலும் அப்படித்தான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் போய் மீனை எழுப்பிவிடும். வெள்ளைத் தொப்பியும் பளபளக்கும் கைக்கடிகாரமும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கோல், நரம்பு, ஃபிளை

ஏழு அடிக் கோல், அதாவது சுமார் 2.1 மீட்டர், 3-ஆம் எண் நரம்போடு. பெரும்பாலான ஓடைகளுக்கு இது போதும். கிளைகள் நெருக்கமாக இருந்தால் ஆறு அடிக் கோல் வசதி. ஜப்பானிய மலையோடைகளில் பிறந்த தென்காரா முறையில் நரம்பு சுற்றும் சக்கரமே கிடையாது. மூன்று மீட்டர் மடிப்புக் கோலின் நுனியில் நேராக நரம்பைக் கட்டிவிடுவார்கள். திறந்த ஓடையில் அது அருமையாக வேலை செய்யும், ரோடோடென்ட்ரான் புதருக்குள் நீளம் இடிக்கும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதே குடும்பத்துச் செடிதான் ரோடோடென்ட்ரான். இங்கே ஓடைக் கரைகளில் சுரங்கம்போல் மண்டிக் கிடக்கும்.

தடித்த நரம்பின் முனையில் வரும் மெல்லிய லீடர் ஏழரை அடி இருக்கட்டும், நுனி 5 எக்ஸ். இந்த எக்ஸ் கணக்கு புதியவர்களைக் குழப்பும், ஆனால் எளிது. 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வந்துவிடும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். இன்னும் மெல்லியதாக 6 எக்ஸ் போட்டால் மீன் ஏமாறும் என்று சிலர் நினைப்பார்கள். இந்தப் பசித்த மீன்களுக்கு அது தேவையில்லை. கிளையில் மாட்டினால் அறுந்து, ஃபிளையும் ஒரு துண்டு நரம்பும் காட்டில் குப்பையாகத் தொங்குவதுதான் மிச்சம்.

ஃபிளை என்பது முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்த செயற்கைப் பூச்சி. நான்கு வகை போதும்: 14-ஆம் எண் பாராசூட் ஆடம்ஸ், 14-ஆம் எண் எல்க் ஹேர் கேடிஸ், கோடைக்கு 16-ஆம் எண் கறுப்பு எறும்பு, மீன் மேலே வராத குளிர்நாளுக்கு 16-ஆம் எண் பெசன்ட் டெயில் நிம்ஃப். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும். எந்தப் பூச்சி பறக்கிறது என்று அறிய ஓடைக்கரைச் சிலந்தி வலைகளைப் பாருங்கள். நேற்றைய கணக்கு அதில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முள்ளின் எதிர்க்கொக்கியையும் குறடால் நசுக்கிவிடுங்கள். அப்போதுதான் மீனின் வாயிலிருந்து ஒரு நொடியில் கழற்ற முடியும், உங்கள் விரலிலிருந்தும்தான்.

பூங்காவுக்குள் மண்புழு, சோளம், பாலாடைக்கட்டி, மீன் சினை எதையும் இரையாகப் போடக்கூடாது, செயற்கை இரையும் ஒற்றை முள்ளும் மட்டுமே. டென்னசி, வட கரோலினா இரண்டில் எந்த மாநிலத்து உரிமம் இருந்தாலும் பூங்கா முழுதும் செல்லும். டென்னசிப் பக்கம் 13 வயதிலிருந்தும் கரோலினாப் பக்கம் 16 வயதிலிருந்தும் உரிமம் வேண்டும். விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் பூங்காவின் அப்போதைய விதிகளைப் படித்துவிடுங்கள்.

ஒரு மடுவை எப்படி அணுகுவது?

மலையோடை படிக்கட்டுபோல் இறங்கும். ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு மடு. நீர் விழும் மேல்முனை தலை, ஆழமான பகுதி நடு, நீர் மெலிந்து வழுக்கி அடுத்த படிக்கு இறங்கும் இடம் வால். குளியல் தொட்டி அளவு மடுவில் ஒன்றிரண்டு வளர்ந்த மீன்களும் சில குஞ்சுகளும் இருக்கும். பெரிய மீன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நுரையும் அமைதியான நீரும் சந்திக்கும் கோடு, கரைக்கு அடியில் நீர் அரித்த பொந்து, பாறைக்கு முன்னாலுள்ள மெத்தென்ற நீர் ஆகியவை அதன் இடங்கள். அங்கே நீந்தும் உழைப்பு குறைவு, கைக்கெட்டும் தூரத்தில் இரை ஓடும்.

சின்ன மீன் வாலுக்குத் தள்ளப்பட்டிருக்கும். புதியவரைத் தோற்கடிப்பது அந்தச் சின்ன மீன்தான். தலையிலுள்ள பெரிய மீனின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு வாலில் கால் வைப்போம். சின்னது அம்புபோல் மேல்நோக்கிப் பாயும், அது பாய்ந்தால் மடு முழுதும் அடங்கிவிடும். எனவே முதல் வீச்சு வாலுக்கு, கீழே உள்ள படியில் குந்தியபடி. அடுத்தது நடுவுக்கு. கடைசியாகத் தலைக்கு. ஓரிடத்தில் மூன்று நான்கு முறை ஃபிளையை மிதக்கவிடுங்கள், அதற்குமேல் வேண்டாம். இந்த மீன் வருவதாக இருந்தால் முதல் இரண்டிலேயே வந்துவிடும். வராவிட்டால் உங்களைப் பார்த்துவிட்டது என்று பொருள், அடுத்த மடுவுக்குப் போய்விடுங்கள்.

வீச்சின் தூரம் 3 முதல் 5 மீட்டர்தான். பின்னால் இடமே இல்லாதபோது வில்-அம்பு வீச்சு கைகொடுக்கும். கோலின் நீளம் அளவுக்கு நரம்பை வெளியே விட்டு, ஃபிளையின் முள் வளைவை இரு விரலால் பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும். முள்ளின் கூர் விரலிலிருந்து விலகி இருக்கட்டும். கோலை முன்னால் நீட்டி, நரம்பைப் பின்னுக்கு இழுத்தால் கோல் வில்லாக வளையும். கோல் பிடித்த கையின் விரலால் நரம்பைக் கோலோடு அழுத்திக்கொண்டு ஃபிளையை விட்டுவிடுங்கள். புதருக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் உள்ளே போய்விழும். வீட்டுக் கொல்லையில் ஒரு தட்டை வைத்து, நாலு மீட்டரில் பத்துக்கு ஏழு முறை அதில் விழும்வரை பழகுங்கள்.

விழுந்த பின் நடப்பது இன்னும் முக்கியம். ஓடையின் நடுவில் நீர் வேகம், ஓரத்தில் மெதுவு. நரம்பு வேகநீரில் படிந்தால் ஃபிளையை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை நீரைக் கீறிக்கொண்டு போனால் மீன் தொடாது. கோலை உயர்த்திப் பிடியுங்கள், தடித்த நரம்பு நீரைத் தொடவே கூடாது. லீடரின் கடைசி ஒன்றிரண்டு அடி மட்டும் நீரில் இருந்தால் ஃபிளை உதிர்ந்த இலைபோல் தானாக மிதக்கும்.

மீன் கவ்வியதும் மணிக்கட்டை மட்டும் மெல்லத் தூக்கினால் போதும். கடல் தூண்டிலில் இழுப்பதுபோல் இழுத்தால் 15 சென்டிமீட்டர் மீன் நீரைவிட்டுப் பறந்து தலைக்கு மேலுள்ள கிளையில் மோதும். அது வேடிக்கையல்ல, மீன் செத்துவிடும். பிடித்ததும் கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். உலர்ந்த கை அதன் உடல்மேலுள்ள கோழைப் படலத்தை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். படம் எடுப்பதானால் மீனை நீருக்கு வெளியே பத்து விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். சாப்பிட எடுக்க ஆசைப்பட்டால், பூங்காவில் 7 அங்குலத்துக்குக் குறையாத மீன் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து வரை அனுமதி உண்டு. ஆனாலும் தலையோடையில் பிடித்ததை அங்கேயே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வோம். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் பண்ணைமீன் விடப்படும் ஆறுகள் கீழே இருக்கின்றன.

ஓடைக்குப் போகவே கூடாத நாட்களும் உண்டு. ஒரு வெப்பமானியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீர் 19 டிகிரியைத் தொட்டாலே கோலை மடித்துவிடுங்கள். 20-க்கு மேல் போராடி விடுபட்ட மீன் நீந்திப் போவதுபோல் தெரியும், பிறகு எங்கோ கல்லுக்கடியில் சாகும். அக்டோபர், நவம்பரில் புரூக் டிரவுட் முட்டையிடும். பாசி படிந்த கூழாங்கல்லுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவில் கழுவிவிட்டதுபோல் வெளிறிய திட்டு தெரிந்தால் அது முட்டைக்குழி. குளிர்காலம் முழுதும் முட்டையும் குஞ்சும் அந்தக் கல்லுக்கடியில்தான் இருக்கும். வசந்தம் வரும்வரை கூழாங்கல் பரப்பில் நடக்காமல் பாறைமேலும் கரைமேலும் காலை வையுங்கள். கற்களை நகர்த்தி நீரைத் தேக்குவதும் கூடாது, பூங்காவில் அது சட்டப்படியே குற்றம். ஹெல்பெண்டர் என்ற பெரிய நீர்ப்பல்லி போன்ற சாலமாண்டர் அந்தப் பாறைகளின் அடியில் வாழ்கிறது.

இடத்தை ஏன் சொல்வதில்லை?

தூண்டில்காரர்கள் இடத்தை மறைப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பது வழக்கம். பெரிய ஆற்றில் அது உண்மையாகவும் இருக்கலாம். சிற்றோடையின் கணக்கு வேறு.

அரை கிலோமீட்டர் ஓடையில் நல்ல மடு 25 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் மேலேறிப் போனால், எவ்வளவு கவனமாகப் போனாலும் அந்த 25-ம் கலங்கும். பின்னால் வருபவர் காலி மடுக்களைத்தான் பார்ப்பார். ஆக, அந்த ஓடை ஒரு நாளைக்கு ஒருவரைத்தான் தாங்கும். தினமும் ஒருவர் வந்தால் மீன் வெளிச்சத்தில் வெளியே வருவதையே நிறுத்திவிடும். கரையில் கால்தடம் தடமாகி, தடம் பாதையாகி, பாதையில் மழைநீர் ஓடி, மண் நேராக முட்டைக்குழிமேல் இறங்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிரேட் ஸ்மோக்கி பூங்காவில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் புரூக் டிரவுட் பிடிக்கத் தடை இருந்தது. சில ஓடைகளைச் சோதனையாகத் திறந்துபார்த்து, விதிப்படி பிடிப்பதால் மீன் தொகை குறையவில்லை என்று கண்ட பிறகு 2006-இல் தடையை நீக்கினார்கள். அப்படியானால் தூண்டில்முள் மட்டும் ஓர் ஓடையை அழித்துவிடாது. விதியை மதிக்காதவர், கோடை வெயிலில் வருபவர், வாளியில் வேற்று மீனைக் கொண்டுவந்து விடுபவர், கழுவாத காலணியோடு வருபவர் இவர்கள்தான் ஆபத்து. டிரவுட் குஞ்சுகளின் முதுகெலும்பைக் கோணலாக்கும் சுழல்நோய் 2015-இல் வட கரோலினாவில் கண்டறியப்பட்டது. அந்த ஒட்டுண்ணி சேற்றோடு சேர்ந்து பயணம் செய்யும். ஒரே ஓடையின் பெயரை ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் எழுதினால், அந்த ஆயிரத்தில் இவர்களும் இருப்பார்கள். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று பிரிக்கும் வழி எழுதியவர் கையில் இல்லை.

எனவே சொல்வதில் படிகள் உண்டு. மலைத்தொடரின் பெயரை யாருக்கும் சொல்லலாம். பெரிய ஆற்றுப்படுகையின் பெயரை, உண்மையாகக் கற்க விரும்புபவருக்குச் சொல்லலாம். ஓடையின் பெயர் நீங்கள் நேரில் அழைத்துப் போகும் ஆளுக்கு மட்டும். எந்த மடு என்பதை அவருக்கும் சொல்ல வேண்டாம், அவரே கண்டுபிடிக்கட்டும், அதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. கேட்பவரிடம் பொய் மட்டும் சொல்லாதீர்கள். "பெயரைச் சொல்றதில்லைங்க, ஆனா இந்த மாதிரி ஓடையை எப்படித் தேடுறதுன்னு சொல்றேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொருவர் உங்களை அழைத்துப் போன ஓடை அவருடையது. அவரைக் கேட்காமல் மூன்றாவது ஆளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதைப்போல் இந்த வட்டத்தில் மனத்தை முறிக்கும் செயல் வேறில்லை.

பெயரை வாயால் சொல்லாமலே கசியவிடுவதுதான் இப்போது அதிகம். கைபேசி எடுக்கும் படத்துக்குள் ஜிபிஎஸ் இடக்குறிப்பு பதிந்திருக்கும், கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படத்தைப் பகிரும்போது இடத்தை நீக்கும் தெரிவையும் பாருங்கள். நடைப்பயிற்சிச் செயலிகள் நீங்கள் போன தடத்தை அப்படியே பொதுவில் போட்டுவிடக்கூடும். படத்தின் பின்னணி இன்னும் மோசமான சாட்சி. அருவி, பாலம், எண் பலகை, விசித்திரமான பாறை ஏதாவது ஒன்று போதும், அந்தப் பகுதியை அறிந்தவர் உடனே கண்டுகொள்வார். நீருக்கு மேல் பிடித்த மீனையும் நனைந்த கையையும் மட்டும் நெருக்கமாக எடுங்கள். உடனே பகிராமல் சில வாரம் கழித்துப் பகிர்ந்தால், எந்த ஓடையில் இப்போது மீன் எழுகிறது என்ற துப்பும் கிடைக்காது.

காரும் பேசும். பாலத்தடியில் ஒரே கார் ஒவ்வொரு சனிக்கிழமையும் நின்றால், கண்ணாடி வழியே கோலும் தெரிந்தால், அது பெயர்ப்பலகைக்குச் சமம். சற்றுத் தள்ளி அனுமதியுள்ள இடத்தில் நிறுத்தி நடந்து போங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஓடையில் இறங்குங்கள். கிளையை முறித்தோ துணி கட்டியோ கல் அடுக்கியோ அடையாளம் வைக்காதீர்கள்.

சொந்த ஓடையைத் தேடுவது

யாரும் சொல்லாவிட்டால் புதியவர் என்ன செய்வார்? வரைபடம் வாங்குவார். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1:24,000 அளவு வரைபடத்தில் ஒவ்வோர் ஓடையும் நீலக் கோடாக இருக்கும். முதலில் தேசியக் காடு, பூங்கா போன்ற பொது நிலம் எது என்று பாருங்கள். தனியார் நிலம் வழியாகப் போக உரிமையாளரின் அனுமதி வேண்டும். பிறகு 900 மீட்டருக்கு மேல் ஓடும் நீலக் கோடுகளைக் குறியுங்கள். உயரக்கோடுகள் மிக நெருங்கியிருந்தால் அங்கே அருவியும் பாறைச் சரிவும்தான் இருக்கும், மீன் தங்க இடமிருக்காது. சற்று விலகிச் சீராகப் போனால் படிக்கட்டு மடுக்கள் இருக்கும். நெருங்கிய கோடுகளுக்கு மேலே திடீரென விலகும் பகுதி இருந்தால் அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அருவிக்கு மேலே ரெயின்போவால் ஏற முடியாது, சொந்த மீன் மிஞ்சியிருக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஓடைக்குக் கூட்டம் வராது.

அடுத்து ஆகஸ்ட் மாதம் ஒரு பிற்பகலில், கோல் இல்லாமல், வெப்பமானியோடு மட்டும் போங்கள். ஆண்டின் மிகச் சூடான நீர் அப்போதுதான். மூன்று நான்கு மணிக்கு 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த ஓடையில் மீன் கோடையைத் தாண்டும். பத்து நீலக் கோட்டில் ஏழு ஏமாற்றும், அது இயல்பு. கிடைத்த மூன்றையும் ஒரு நோட்டில் உங்கள் சொந்தப் பெயர் வைத்து, தேதியும் நீர்வெப்பமும் எழுதிவையுங்கள். மூன்றையும் மாற்றி மாற்றிப் போனால் ஒவ்வோர் ஓடைக்கும் ஓய்வு கிடைக்கும்.

அதுவரை பழக வட கரோலினாவில் மாநிலமே மீன் விட்டு, பட்டியல் வெளியிட்டு, பலகை வைத்திருக்கும் ஆறுகள் உண்டு. டிலேடு ஹார்வெஸ்ட் எனப்படும் ஆறுகளில் அக்டோபர் 1 முதல் ஜூன் தொடக்கம்வரை பிடித்த மீனை எல்லாம் திரும்ப நீரிலேயே விட்டுவிட வேண்டும். கூட்டத்தைத் தாங்கவென்றே ஏற்பட்ட அந்த ஆறுகளின் பெயரைத் தயங்காமல் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

மறைக்கக் கூடாதவை

யாருக்கும் தெரியாத ஓடைக்குப் பரிந்து பேசவும் ஆள் இருக்காது. மேலே சாலை வெட்டி மண் சரிந்தாலும், செத்த மீன் மிதந்தாலும், பண்ணைக் கழிவு கலந்தாலும், இடம், நேரம், படம் எல்லாவற்றோடும் மாநில வனவிலங்குத் துறைக்கோ பூங்கா அலுவலகத்துக்கோ அன்றே சொல்லிவிட வேண்டும். கரையோர ஹெம்லாக் மரங்களின் ஊசியிலை அடியில் பஞ்சுப்பொட்டு போல் வெள்ளையாகத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். ஆசியாவிலிருந்து வந்த அந்தச் சாறுறிஞ்சிப் பூச்சி இந்த மரங்களைக் கொன்றுவருகிறது. மரம் போனால் நிழல் போகும், நிழல் போனால் நீர் சூடேறும். மீன் ஆய்வாளர் கேட்டால் மடுவின் எண்ணைக்கூடக் கொடுங்கள். ஆற்றுப்படுகையைக் காக்கும் கூட்டங்களில் உரக்கப் பேசுங்கள், அங்கே ஓடையின் பெயர் ஆயுதம்.

ஓர் ஓடையை விட்டு இன்னொன்றுக்குப் போகும் முன் காலணியின் சேற்றைத் தேய்த்துக் கழுவி, முழுதும் காயவிட்டு, அதன் பிறகும் 48 மணி நேரம் விட்டுவையுங்கள். இரண்டு ஜோடி வைத்திருப்பது இன்னும் எளிது.

வீட்டாரிடமும் மறைக்கக் கூடாது. இந்த ஓடைகளில் கைபேசிக்கு அலை கிடைக்காது, பாறை வழுக்கும், பிற்பகல் இடிமழையில் நீர் சட்டென்று ஏறும், வெயில் காயும் பாறையில் கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருக்கும். எந்த ஓடை, காரை எங்கே நிறுத்துகிறீர்கள், எந்த வழியாக ஏறி எங்கே இறங்குவீர்கள், குறித்த நேரத்துக்குள் அழைக்காவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, தேதியையும் அந்த நேரத்தையும் உறையின் மேல் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் வைத்துவிட்டுப் போங்கள். குறித்த நேரம் தாண்டினால்தான் அவர்கள் அதைப் பிரிக்க வேண்டும். நேரத்துக்குத் திரும்பிவிட்டால், அதே ஓடைக்கு அதே வழியில் மறுபடி போகும்போது பிரிக்காத அந்த உறையையே வைத்துக்கொள்ளலாம். தேதியையும் நேரத்தையும் மட்டும் உறையின் மேல் மாற்றி எழுதினால் போதும்.